மின்சாரக் காட்டுவழி மோட்டார்ச் சைக்கிளைத் தேர்தல்

கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்குக் கடிதம் வரைந்தார். பதினாறு வயதான தம் மகன் காட்டுவழிகளில் ஓட்ட மின்சார மோட்டார்ச் சைக்கிள் கேட்பதாகவும், எதனை வாங்குவதெனத் தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். தமிழாசிரியனிடம் வினவத்தக்க பொருளன்று. எனினும் நூல்களையும் அறிந்தோரையும் நாடி விடை எழுதினேன். அதன் சாரத்தை ஈண்டுத் தருகின்றேன்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், செய்யும் வினையையும் தன் ஆற்றலையும் துணைவர் ஆற்றலையும் சீர்தூக்கிய பின்னரே செயலிற் புகுமாறு அறிவுறுத்துகின்றது. வண்டியைத் தேர்வதற்கும் அம்முறையே ஏற்றது.

முதலில் வினையை நோக்குவோம். விற்போர் குதிரைவலுவையே எடுத்தோதுவர். வலு வேறு, சக்தி வேறு. தொட்டியிலுள்ள நீர் போன்றது சக்தி. குழாயின் அகலம் போன்றது வலு. எத்துணைத் தூரம் சென்று மீளலாம் என்பதைச் சக்தியே வரையறுக்கும். பற்றரியின் உவோல்ற்றை அம்பியர்-மணியாற் பெருக்கின் அது புலப்படும். 60 உவோல்ற்று, 34 அம்பியர்-மணி எனின் 2,040 உவாற்று-மணி. அதாவது ஏறத்தாழ 2 கிலோவாற்று-மணி. சுர்ரொன் லைட் பீ இவ்வளவினது. அதன் எடை 60 கிலோகிராமுக்கும் குறைவு. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரார்க் வார்க்கின் பற்றரி ஏறத்தாழ 6 கிலோவாற்று-மணி கொள்ளும். எடையோ ஏறக்குறைய இருமடங்கு. சேறும் மணலும் மேடும் சக்தியை விரைந்து உண்ணும். குளிர் மேலும் குறைக்கும். ஆதலின் சமதரையில் மெல்ல ஓட்டி அளந்த தூரத்தை நம்பிக் காடு புகுதல் கூடாது. உறைநிலைக்குக் கீழான குளிரில் இலிதியப் பற்றரிக்கு மின்னேற்றுதல் அதனைப் பழுதாக்கும்.

அடுத்தது தன் வலி. பெற்றோல் எஞ்சின் சுழற்சி கூடிய பின்னரே வலுப்பெறும். மின்மோட்டாரோ நிற்கும் நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தரவல்லது. மணிக்கட்டுச் சற்றே பிசகினும் வண்டி பாய்ந்துவிடும். ஆகவே புதிதாகப் பழகுவோர்க்கு வலுவைக் குறைத்து அமைக்கத்தக்க, எடை குறைந்த வண்டியே தக்கது.

சட்டத்தையும் மறத்தலாகாது. ஒன்ராறியோ மாகாணத்தில் மின்சாரச் சைக்கிள் எனக் கொள்ளப்படுவதற்கு மிதிகள் வேண்டும். மோட்டார் 500 உவாற்றுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 32 கிலோமீற்றருக்குள் அடங்க வேண்டும். மிதியற்ற காட்டுவழி வண்டி அவ்வகையினதன்று. பொதுவழிகளில் அதனை ஓட்டப் பதிவும் காப்புறுதியும் தலைக்கவசமும் வேண்டும்.

இறுதியாகத் துணைவலி. கலிபோர்ணியாவின் அல்ரா நிறுவனம் 2018இல் தொழிலை நிறுத்தியது. சுவீடனின் கேக் நிறுவனம் 2024இல் முறிவடைந்தது. பற்றரியே வண்டியின் விலைமிக்க உறுப்பு. செய்தவர் மறைந்தால் ஊர் மெக்கானிக்கினால் அதற்கு ஈடு செய்தல் அரிது. உதிரிப்பாகமும் பழுதுபார்ப்போரும் அண்மையில் உளரோ என வினவிய பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.

பெரிய வண்டியை வாங்க எண்ணியிருந்த என் மாணவர், அதனைக் கடை முற்றத்திற் சாய்த்துவைத்து, தனியே நிமிர்த்துமாறு மகனைப் பணித்தாராம். மும்முறை முயன்றும் அவனால் இயலவில்லை. காட்டினுள் விழுந்தால் தூக்கிவிடுவார் யார் என்று மட்டும் கேட்டாராம். சிறியதையே வாங்குவோமென்று மகனே கூறினானாம்.