எல்லாரும் செய்தியாளர் ஆகலாமா?



2021-ஆம் ஆண்டு, கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. அது உண்மையான செய்தி. ஆனால் நம் உறுப்பினர்களின் செல்போனுக்கு வந்து சேர்ந்தது வேறு செய்தி. "எல்லா பேங்க்கிலயும் குழுக் கடன் தள்ளுபடி ஆயிடுச்சு, இனிமே யாரும் தவணை கட்ட வேண்டாம்" என்று அதில் இருந்தது. நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் அதை நம்பி மூன்று மாதம் தவணை கட்டாமல் இருந்துவிட்டார்கள். பிறகு வட்டியும் சேர்த்து மொத்தமாகக் கட்ட வேண்டி வந்தபோது, ஒரு குழுவின் ஊக்குநர் தன் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். எந்தக் குழு என்று இங்கே எழுதவில்லை.

அந்தச் செய்தியை எழுதினது யார் என்று விசாரித்தோம். "எனக்கு என் அண்ணி அனுப்புனாங்க", "அவங்களுக்கு டவுன்ல இருந்து யாரோ அனுப்புனாங்களாம்" என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஆளே கிடைக்கவில்லை. நம் தீர்மான நோட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போனால் பேங்க் மேனேஜர் ஏற்றுக்கொள்வாரா? ஆனால் கையெழுத்தே இல்லாத ஒரு செய்தியை நம்பி நாம் மூன்று மாதத் தவணையை நிறுத்தினோம்.

இதற்குப் பிறகு நடந்த மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "அப்படின்னா நெட்டுல ஜனங்க எழுதுறது எல்லாமே பொய்தானாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்போது சுருக்கமாக "இல்லை" என்று மட்டும் சொன்னோம். இப்போது விளக்கமாக எழுதுகிறோம். இதற்கு நாம் எடுத்துக்கொள்வது தென் கொரியா நாட்டில் நடந்த கதை. தூரத்து ஊர்தான். ஆனாலும் படித்தால் பக்கத்து ஊர் போலத்தான் இருக்கும்.

ஓ யோன்-ஹோ என்பவர் அந்த நாட்டில் ஒரு சிறிய மாதப் பத்திரிகையில் நிருபராக இருந்தார். 1950-ல் கொரியப் போர் நடந்தபோது, நோகுன்-ரி என்ற கிராமத்தில் ஒரு ரயில் பாலத்தடியில் ஒதுங்கியிருந்த அகதி மக்களை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் நிறைய. உயிர் தப்பியவர்கள் பல வருடமாகச் சொல்லியும் யாரும் காது கொடுக்கவில்லை. 1994-ல் ஓ யோன்-ஹோ அவர்களிடம் பேசி விவரமாக எழுதினார். பெரிய பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1999-ல் அமெரிக்காவின் ஏ.பி. செய்தி நிறுவனம் அதே சம்பவத்தைப் புலனாய்ந்து வெளியிட்டது. உடனே உலகம் முழுக்கப் பேச்சு. அடுத்த வருடம் அவர்களுக்கு அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் கிடைத்தது. பிறகு 2005-ல் தென் கொரிய அரசே 163 பேர் இறந்தோ காணாமலோ போனதாகப் பெயரோடு உறுதி செய்தது.

ஏ.பி. நிருபர்களும் உழைத்துத்தான் எழுதினார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சின்ன பத்திரிகை சொன்னால் காதில் விழாது, பெரிய இடத்திலிருந்து சொன்னால்தான் செய்தி என்பது என்ன நியாயம்? கிராமசபையில் நாம் எழுந்து சொன்னால் யாரும் குறித்துக்கொள்வதில்லை. அதையே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் உடனே நோட்டில் ஏறுகிறது. அந்த அனுபவம்தான் இது.

அப்போது கொரியாவில் மூன்று பெரிய பத்திரிகைகள்தான் ஆட்சி செய்துகொண்டிருந்தன. புதிதாகப் பத்திரிகை தொடங்க அச்சு மெஷின், பேப்பர், ஏஜெண்ட் என்று கோடிக்கணக்கில் பணம் வேண்டும். இன்டர்நெட்டில் தொடங்கினால் அந்தச் செலவு கிடையாது. சரி, எழுதுவதற்கு ஆள்? அதற்கு அவர் சொன்ன பதில், ஒவ்வொரு குடிமகனும் நிருபர்தான் என்பது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி மதியம் 2.22 மணிக்கு 'ஓமைநியூஸ்' என்ற செய்தித்தளத்தைத் தொடங்கினார். எல்லாம் இரண்டு இரண்டாக வர வேண்டும் என்று பார்த்து வைத்த நேரம் அது! கையில் சம்பள ஆட்கள் 4 பேர். எழுத ஒப்புக்கொண்ட குடிமக்கள் நிருபர்கள் 727 பேர். சில வருடங்களிலேயே அந்த 727 பல்லாயிரம் ஆனது. ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள், வீட்டைக் கவனிக்கும் பெண்கள் எல்லாரும் எழுதினார்கள்.

என்ன எழுதினார்கள்? அரசியலும் உண்டு. ஆனால் 'வாழ்க்கைக் கதைகள்' என்று ஒரு தனிப் பகுதியே வைத்திருந்தார்கள். வீட்டில், வேலை செய்யும் இடத்தில், தெருவில் நடப்பது எல்லாம் அதில் வந்தது. இதெல்லாம் செய்தியா என்று கேட்பவர்களும் இருந்தார்கள். நம் பக்கத்தில் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒரு ஊரில் குடிதண்ணீர் பத்து நாளாக வரவில்லை என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு அன்றைய தலைப்புச் செய்தி இல்லையா?

இங்கேதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் நம் தள்ளுபடிக் கதை போல ஆகிவிடாதா? அவர்கள் அதற்கு வழி வைத்திருந்தார்கள். நிருபராகச் சேர்பவர் சொந்தப் பெயரையும் அரசு அடையாள எண்ணையும் கொடுக்க வேண்டும். புனைபெயரில் ஒளிந்துகொள்ள முடியாது. பொய்ச் செய்தி பரப்ப மாட்டேன், தகவல் சேகரிக்கப் போகும் இடத்தில் நான் நிருபர் என்பதை மறைக்க மாட்டேன், தப்பு நடந்தால் ஒப்புக்கொள்வேன் என்று விதிகளுக்குச் சம்மதிக்க வேண்டும். யாரைப் பற்றியாவது அவதூறு எழுதினால் சட்டப்படி பொறுப்பு எழுதியவருக்குத்தான்.

எழுதி அனுப்பியதும் அது நேராக முதல் பக்கத்துக்குப் போய்விடாது. அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருக்கும் ஆசிரியர் குழு ஒவ்வொன்றையும் படிக்கும். தினமும் நூற்றுக்கு மேல் வரும். சந்தேகம் இருந்தால் எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்பார்கள். ஏறக்குறைய பத்துக்கு மூன்று மேலே ஏறாமல் நின்றுவிடும். அப்படி நின்றதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சேங்னமு'. அதற்குப் பொருள் பச்சை மரம், அதாவது காயாத விறகு. சரிபார்த்துத் தேறி வந்ததன் முதல் படிக்குப் பெயர் கங்கு, எரியும் தணல். அதற்கும் மேலே இரண்டாம் இடம், தலை இடம் என்று போகும்.

அடுப்பு ஊதுகிற நமக்கு இதைவிட நன்றாக யாரும் விளக்க வேண்டியதில்லை. பச்சை விறகு கெட்ட விறகு கிடையாது. அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் வீடு முழுக்கப் புகை, கண்ணெரிச்சல், சோறும் வேகாது. வெயிலில் கிடந்து காய்ந்தால் அதே விறகு நின்று எரியும். செய்தியும் தேதி, இடம், தொகை, நேரில் பார்த்தவர் என்று காய வேண்டும். நம் போனுக்கு வந்தது சுத்தப் பச்சை விறகு. நாம் அதை அப்படியே அடுப்பில் செருகினோம்.

இவ்வளவு வைத்தும் தவறு நடக்காமல் இல்லை. 2002-ல் அமெரிக்க ராணுவத்தின் கவச வண்டி ஏறி இரண்டு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் இறந்துபோனார்கள். வண்டியில் இருந்த சிப்பாய்களை ராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தபோது, மெழுகுவர்த்தியோடு கூடுவோம் என்று இன்டர்நெட்டில் ஒருவர் அழைத்தார். ஆயிரமாயிரம் பேர் வந்தார்கள். அழைத்தவரே ஓமைநியூஸின் குடிமக்கள் நிருபர். தன் சொந்த அழைப்பையே யாரோ மூன்றாம் மனிதர் விடுத்தது போல அவர் செய்தியாக எழுதிவிட்டார். பின்னால் அது தெரிய வந்தபோது பெரிய விமர்சனம் எழுந்தது. கூட்டம் நடந்தது உண்மை, காரணமும் நல்ல காரணம், பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. உள்கடன் வாங்குகிற உறுப்பினரே அந்தக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டால் ஒப்புக்கொள்வோமா?

ஆனாலும் அந்தத் தளத்தின் மதிப்பு உயர்ந்துகொண்டுதான் போனது. 2002 டிசம்பரில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோ மூ-ஹ்யூன், பதவி ஏற்கப்போகும் சமயத்தில், 2003 பிப்ரவரியில், தன் முதல் பேட்டியை மூன்று பெரிய பத்திரிகைக்கும் கொடுக்கவில்லை. பிறந்து மூன்று வருடம் ஆன ஓமைநியூஸுக்குத்தான் கொடுத்தார்.

இனி, கூட்டத்தில் இன்னொரு அக்கா கேட்ட கேள்வி. "ஏங்க, காசு குடுக்காம யாரு எழுதுவா? நாம ஏற்கெனவே வீட்டுல சம்பளமில்லாமத்தானே வேலை பாக்குறோம்?" கூட்டமே சிரித்தது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை.

அங்கே முழுக்கச் சும்மாவும் இல்லை, சம்பளமும் இல்லை. தலை இடத்துக்குப் போன கட்டுரைக்கு 20,000 வோன். அன்றைய கணக்கில் நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்கூட வராது. கீழ்ப் படியில் நின்றதற்கு இன்னும் குறைவு. பிடித்த கட்டுரைக்கு வாசகர்களும் சிறு தொகை அனுப்பலாம் என்று வைத்தார்கள். 2004-ல் ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான வாசகர்கள் சில நாளைக்குள் 2 கோடி வோனுக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். அது அதிசயம், எல்லாருக்கும் நடப்பதில்லை. மற்றவர்கள் தன் பேர் போட்டு தன் ஊர் விஷயம் வெளியே வருகிறதே என்பதற்காகத்தான் எழுதினார்கள். மூடிப்போன ஒரு பழைய பள்ளிக்கூடத்தை எடுத்து, கங்ஹ்வா என்ற தீவில் 2007-ல் இவர்களுக்கு ஒரு பயிற்சி இடமும் தொடங்கினார்கள்.

ஆனால் எழுதுபவர் இலவசமாக எழுதினாலும், சரிபார்க்கிற ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். கம்ப்யூட்டருக்குச் செலவு வேண்டும். பெரும்பகுதி வருமானம் விளம்பரத்தில்தான் வந்தது. விளம்பரம் குறைந்ததும் நஷ்டம். ஜப்பானில் 2006-ல் ஆரம்பித்த கிளை மூன்று வருடம் தாண்டவில்லை. ஆங்கிலப் பதிப்பும் 2010-ல் செய்தி வாங்குவதை நிறுத்தியது. 2009-ல் ஓ யோன்-ஹோ வாசகர்களிடமே போய் நின்றார். மாதம் 10,000 வோன் சந்தா கொடுங்கள், ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் விளம்பரக்காரர்களை நம்பி இருக்க வேண்டாம் என்றார். நம் சேமிப்பு மாதிரிதான், சின்னத் தொகை, பலர் கை. 'சுதந்திரமான' செய்தி என்று பெயர் வைத்துவிட்டால் போதாது. அதன் அரிசி பருப்புக்கு யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அது யாருக்குக் கட்டுப்பட்டது என்பது தெரியும். இது எங்கள் கருத்து.

நம் நாட்டிலும் இந்த மாதிரி முயற்சிகள் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் 2002-ல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தங்கள் வட்டார மொழியில் தொடங்கினார்கள். இப்போது செல்போனில் வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் வெளியிடுகிறார்கள். இதில் எழுதுவதை அவர்கள் தங்கள் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள், ஓய்வு நேர வேலை இல்லை. மூத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்ற இணையதளம் கிராமத்து மக்களின் வேலை, பாட்டு, கஷ்டம் பற்றியே எழுதுகிறது. அதைத் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குக் கொண்டு வந்ததில் தன்னார்வலர்களின் உழைப்பு நிறைய. செல்போனில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரும் மொழிபெயர்த்தவர் பெயரும் தனித்தனியாகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இந்தச் செய்தி மடலும் உங்களை நம்பித்தான் வருகிறது. பிரசுரமாகும் கடிதத்துக்கு 50 ரூபாயும் பஸ் செலவும் கொடுப்பதாகப் போன பொதுக்குழுவில் தீர்மானித்திருக்கிறோம். பெரிய தொகை இல்லை என்று எங்களுக்கே தெரியும்.

இந்த மாதம் வந்ததில் மூன்று கடிதங்கள் பச்சை விறகாகவே எங்களிடம் இருக்கின்றன. ஒன்று ரேஷனில் எடை குறைவது பற்றி; எந்தத் தேதி, எத்தனை கிலோ குறைந்தது என்று அதில் இல்லை. ஒன்று மேல்நிலைத் தொட்டியைக் கழுவாமல் விட்டது பற்றி. எழுதியவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று தெரியவில்லை. மூன்றாவது, பால் ஊற்றும் இடத்தில் அளவு சரியில்லை என்பது; அதில் பெயரே இல்லை. பயந்துதான் போடாமல் விட்டிருப்பார். அப்படிப்பட்டவர் எங்களிடம் மட்டும் பெயர் சொன்னால் போதும், மடலில் போட மாட்டோம். ஆனால் ஆள் யாரென்று தெரியாமல் நாங்கள் வெளியிட முடியாது. மூவரும் விவரத்தோடு வருகிற சனிக்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம். ரேஷன் கடிதம் பேரன் கையெழுத்தில் வந்திருக்கிறது. எழுதத் தெரியாதே என்று அந்த அக்கா தயங்க வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிப் படித்துக் காட்டுகிறோம், அடியில் அவருடைய கைநாட்டு இருந்தால் சரி.