பாட்டரி இறங்கிவிட்டதா? கடைசி ஒயரில் கவனம்!

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது பெங்களூரில் வாரக்கணக்கில் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு சாவியைத் திருப்பினால், பல வண்டிகளில் 'டக் டக்' சத்தந்தான்! ஓடாமல் நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம் ஆகியவை கொஞ்சங் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துவிடும். மார்கழிக் குளிரில் பழைய பாட்டரியும் இப்படித்தான் காலைவாரும்.

அவசரத்துக்கு இன்னொரு கார் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பலாம். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்கவேண்டும். கார்கள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. இரு எஞ்சினும் நின்றிருக்கவேண்டும்.

மாட்டும் முறை

சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பாட்டரியின் 'பிளஸ்'சிலும், அடுத்து நல்ல பாட்டரியின் 'பிளஸ்'சிலும் மாட்டவேண்டும். கறுப்பு ஒயரை நல்ல பாட்டரியின் 'மைனஸ்'சில் மாட்டவேண்டும். அதன் மறுமுனை இறங்கிய பாட்டரிக்குப் போகக்கூடாது! பாட்டரிக்குத் தள்ளி, அந்தக் காரின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டவேண்டும்.

ஏன் தெரியுமா? பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசி ஒயரை மாட்டும்போது தீப்பொறி பறக்கும். இரண்டும் சேர்ந்தால் பாட்டரி வெடிக்கும். கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட்டும் ஆகாது.

நல்ல காரை முதலில் ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து மற்றதைக் கிளப்பவேண்டும். கிளம்பியதும், மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் ஒயர்களைக் கழற்றவேண்டும். மறுநாளும் மக்கர் செய்தால் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். கண் போனால் வருமா?