வேலைக்குப் போகும் வழியில்



கோவில்பதாகையில் நம்மில் பலருக்கு அப்பாவின் சைக்கிள் நினைவிருக்கும். டிபன் கேரியரைத் தொங்கவிட்டு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் மிதித்துப் போன தலைமுறை அது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் ஹெர்குலிஸ் வண்டியைச் செய்ததும் அதே அம்பத்தூரில்தான். இன்று அந்தச் சாலைகளில் பைக்கில் போகிறோம். திரும்பும்போது மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்குகிறோம்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா? லண்டன் மாடிப் பேருந்துப் பணியாளர்களைப் பற்றி 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகள் ஏறுவார். பேருந்து ஒன்றுதான். ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உடனே படிக்கட்டுக்கு முழுப் பெருமையும் கொடுத்துவிட வேண்டாம்! ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிதாக இருந்ததை மோரிஸே பின்னர் கண்டார். இருந்தும், அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டின.

நம் நாட்டில் லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு தொழிலாளர்களையும், கிராமங்களில் வாழும் அவர்களது உடன்பிறப்புகளையும் வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. கிராமப்புறத்தில் சொந்த பைக்கிலும் காரிலும் வேலைக்குப் போனவர்களில் பாதிப்பேருக்கு உடல் எடை மிகுதி. சைக்கிளில் போனவர்களில் கால்பங்கினருக்கே. இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் சைக்கிள்காரர்களிடம் குறைவு.

கால் தசைகள் உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து பழகுகின்றன. நாளடைவில் இதயம் குறைந்த துடிப்பிலேயே வேலையை முடிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். ரயிலடிக்குப் போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம் விறுவிறுவென நடந்தால், ஆறு நாளில் 120 நிமிடம் சேர்ந்துவிடுகிறது. மீதிக்கு ஞாயிறு திருப்பலிக்கு நடந்து வரலாமே! லாரி ஓடும் சி.டி.எச். சாலையில் சைக்கிள் மிதிக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை, உள்தெருக்கள் இருக்கின்றன. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

நடக்கையில் நெஞ்சை அழுத்தி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சோடா குடித்துவிட்டு மேலே நடக்க வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் 108-ஐ அழைக்கச் சொல்வோம்.