பட்டமும் பட்டறையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. ஏட்டை இகழ்வதற்கென எழுந்ததன்று அது. ஏட்டில் வரைந்த சுரைக்காய்க்குப் பந்தலும் வேண்டாம், நீரும் வேண்டாம். தோட்டத்துச் சுரைக்காய்க்கோ இரண்டும் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். பொறியியற் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர்க்கு இப் பழமொழி பொருந்துமாறு போல வேறெவர்க்கும் பொருந்துமோ என்பது ஐயமே.

மருத்துவம் கற்றவர், பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் உள்ளகப் பயிற்சி பெறாமல் நம் நாட்டில் தனித்துத் தொழில் நடத்த இயலாது. அப் பயிற்சியை எவரும் இழிவென்று கருதுவதில்லை. வீட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்வதும் உண்டு. ஆனால், பொறியியல் கற்ற ஒருவர் கம்பனி ஒன்றிற் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்துள்ளார் என்று கேட்டால், "ஏன், நல்ல வேலை ஒன்றும் கிடைக்கவில்லையோ?" என்று ஊர் வினவுகின்றது.

சென்ற மாதம் அயலவர் ஒருவர், இளைப்பாறிய ஆசிரியர், தம் மகளோடு என்னிடம் வந்தார். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் மின்பொறியியல் கற்றுத் தேறியவள் அவள். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, மின்சாதனங்கள் செய்யும் கம்பனியொன்று பதினெட்டு மாதப் பயிற்சிக்கு அழைத்தது, படி சொற்பம். மற்றையது, கற்ற கல்விக்குத் தொடர்பில்லாத கந்தோர் வேலை. சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு.

"அண்ணை, நாலு வருஷம் படிச்ச பிள்ளையை இன்னும் ஒண்டரை வருஷம் பழகச் சொல்லுறாங்கள். இது ஞாயமோ?" என்றார் ஆசிரியர்.

மகள் தாழ்ந்த குரலிற் சொன்னாள்: "அப்பா, நான் இன்னும் ஒரு மெஷினைக்கூட முழுசாக் கழட்டிப் பாக்கேல்லை."

இவ்விருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. தந்தையார் மனத்தில் வீட்டுக் கடனும் தங்கைமாரின் படிப்பும் நின்றன. மகள் மனத்தில் நின்றது தன் அறிவின் எல்லை. இவ் வழக்கைத் தீர்க்குமுன், இப் பயிற்சி முறை எங்ஙனம் தோன்றியது என்பதை நோக்குதல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திற் பொறியியல் கற்க விரும்பும் இளைஞன், தொழிற்சாலைக்குத் தானே பணம் கட்டிச் சேர்வது வழக்கம். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கார்களையும் விமான எஞ்சின்களையும் ஆக்கிய ஹென்றி றோய்ஸ், பீற்றர்பரோ ரயிற் பட்டறையில் இவ்வாறே பயின்றார். அவருக்காகப் பணம் கட்டிய உறவுப் பெண்மணியின் கைப்பொருள் வற்றியது. பயிற்சியும் நடுவழியில் நின்றது. றோய்ஸ் தம் மேதையால் மீண்டார். மீளாது போனோர் எத்தனை பேரோ!

மின்சார யுகம் இவ் வழக்கத்தை மாற்றிற்று. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் கம்பனி, பல்கலைக்கழகப் பட்டதாரிகளைச் சம்பளம் கொடுத்தே சேர்த்து, செய்து முடித்த இயந்திரங்களைச் சோதிக்கும் களத்தில் விட்டது. வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனி 1899இல் மாஞ்செஸ்ரர் நகரை அடுத்த ட்ரபோட் பார்க்கிற் பெருந் தொழிற்சாலை அமைக்க முற்பட்டபோது, ஆங்கிலேய இளைஞர் நாற்பது பேரளவில் அமெரிக்காவிலுள்ள பிற்ஸ்பேர்க் நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைப் 'புனித நாற்பதின்மர்' என்று வேடிக்கையாக அழைத்தனர். அவர்களுள் ஒருவரான ஆதர் பிளெமிங் என்பவரே பின்னாளில் அத் தொழிற்சாலையின் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியவர். கல்விப் பணிக்காகப் பெரிதும் போற்றப்பட்டவர்.

1919இல் மெற்றோபொலிற்றன்-விக்கேர்ஸ் எனப் பெயர் மாறிய அத் தொழிற்சாலையிற் பயின்ற பட்டதாரிகளுள் ஜோன் கொக்ரொப்ற் ஒருவர். இவர் அங்கே இரண்டாண்டு பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்று, 1932இல் வோல்ற்றன் என்பாருடன் சேர்ந்து, இயந்திரத்தால் முடுக்கிய துகள்களைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்தார். 1951இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் சோதனைக்கு வேண்டியவை யாவை? மிகை மின்னழுத்தமும், காற்று முற்றாக அகற்றிய குழாயுமே. இவற்றிற்கான நிலைமாற்றியும், வெற்றிடப் பம்பிக்குரிய விசேட எண்ணெயும் அப் பழைய தொழிற்சாலையின் அறிஞரிடமிருந்தே வந்தன. இன்ன பொருளை இன்னார் செய்வர் என்றறிந்து கதவைத் தட்டும் உரிமையைக் கொக்ரொப்ற்றுக்கு ஈந்தது பட்டறை வாழ்வு.

நிற்க. என் அனுபவத்துக்கு வருகின்றேன். நான் 1974இற் பேராதனையிற் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில் நிலைமாற்றிகள் செய்யும் ஒரு கம்பனியில் இரண்டாண்டுப் பட்டதாரிப் பயிலுநனாகச் சேர்ந்தேன்.

முதல் மூன்று மாதம் பயிற்சிப் பட்டறை. ஒரு துண்டு உருக்கைக் கையிற் கொடுத்து, அரத்தால் அராவிச் சரிசதுரக் கட்டியாக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் பதினாறு வயதுப் பையன்கள். ஒரு முகம் நேரானால் மறு முகம் கோணும். உலோகம் கைக்கு அடங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அந்தக் கட்டி கற்பித்தது. பின்னாளில் ஒரு வரைபடத்தில் அளவின் நுட்பத்தைக் குறிக்க நேரும்போதெல்லாம், தேவைக்கு மேற்பட்ட நுட்பம் எவர் கையை நோகச் செய்யும், எவ்வளவு செலவைக் கூட்டும் என்பதை எண்ணிக்கொண்டேன்.

அடுத்தது உள்ளகம் அடுக்கும் பகுதி. நிலைமாற்றியின் உள்ளகம் ஒரே இரும்புப் பாளமன்று. அட்டைபோன்ற மெல்லிய உருக்குத் தகடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிச் செய்வது. தகடுகளுக்கிடையே மின்னோட்டம் சுழன்று வெப்பம் உண்டாகாதிருக்கவே அவ்வாறு செய்கின்றனர். இதனைப் பேராதனையிற் சமன்பாட்டோடு கற்றிருந்தேன். ஆனால், தகட்டை வெட்டும் கத்தி மழுங்கினால் விளிம்பிற் சிறு பிசிறு எழும், அப் பிசிறு அடுத்த தகட்டைத் தொட்டு அத்தனை கணக்கையும் கெடுக்கும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு முதிய தொழிலாளி தகட்டின் விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தடவிப் பார்த்து, நல்லதையும் தீயதையும் பிரித்துவைத்தார்.

செப்புக் கம்பிச் சுற்றுகளை ஆக்கும் பகுதியிற் பெண்களே பெரும்பான்மையோர். அவர்களுள் மூத்தவர் ஒருவர், கடதாசி சுற்றிய கம்பியை வளைத்தபடியே, "இந்த மூலையை இவ்வளவு கூராக வரைந்தவர் இங்கே ஒரு நாள் வந்திருந்தால் இப்படி வரையமாட்டார்" என்றார். ஆறு மாதத்தின்பின் நான் வரைபடப் பகுதிக்குச் சென்றேன். அங்கே ஒரு மூலையை வட்டமாக்க அரை நிமிடமே ஆயிற்று. அவ்வரை நிமிடத்தின் பயன் கீழ்த்தளத்தில் எத்தனை விரல்களுக்கு என்பதை அறிந்தே கோடு இழுத்தேன்.

எல்லாவற்றினும் சிறந்தது சோதனைக் களம். முடிந்த நிலைமாற்றி அங்கே நீதிமன்றத்துக்கு வருவது போல வரும். எண்ணெயின் வெப்பம் ஏறி ஒரு நிலையில் நிற்கும்வரை இரவிரவாகக் காத்திருந்து குறித்துக்கொள்வோம். பின்பு செயற்கை மின்னலால் அடிப்பர். வடிவமைத்தவர் கணித்தது, உலர்த்தியவர் விட்ட ஈரம், சுற்றியவர் கைப்பக்குவம் யாவும் அங்கே வெளிப்படும். புதிய பட்டதாரியைச் சோதனைக் களத்தில் விடும் வழக்கம் அமெரிக்காவில் ஏன் எழுந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. தொழிற்சாலை முழுவதையும் ஒரே இடத்தில் நின்று காணலாகும் சாளரம் அதுவே. நாடு திரும்பிய பின், சித்திரை மாதத்து இடிமின்னலில் நம் மலைநாட்டு மின்வழிகள் படும் பாட்டைக் கண்டபோது, அவ்விரவுகள் எனக்குக் கைகொடுத்தன.

வாரந்தோறும் பயிற்சிக் குறிப்பேடு எழுதவேண்டும். செய்ததை மட்டும் எழுதினால் பயிற்சி அதிகாரி கையொப்பம் இடமாட்டார். 'ஏன் அவ்வாறு செய்கின்றனர்? வேறு வழியுண்டா?' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிவிடுவார்.

இதனால், எல்லாப் பயிற்சித் திட்டமும் நன்றென்று கூற வந்தேனல்லேன். பயிற்சி என்ற பெயராற் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் இடங்களும் உள. பட்டதாரியைக் கடிதம் பிரதியெடுக்கவும் கணக்கெழுதவும் ஓராண்டு வைத்திருந்து, முடிவில் நற்சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து அனுப்புவர். மறுபக்கத்தில் கம்பனிகளுக்கும் ஒரு மனக்குறை உண்டு. தாம் பொருள் செலவிட்டுப் பயிற்றிய ஆளை, ஒருவரையும் பயிற்றாத கம்பனி கூடிய சம்பளம் காட்டி இழுத்துக்கொள்கின்றது என்பர். இதற்குப் பரிகாரமாகவே பிரித்தானியா 1964இற் கைத்தொழிற் பயிற்சிச் சட்டத்தை இயற்றிற்று. தொழில் நடத்துவோர் யாவரிடமும் சம்பளத் தொகைக்கேற்ப ஒரு வரி அறவிட்டு, பயிற்றுவோர்க்கு அதிலிருந்து மானியம் வழங்கும் ஏற்பாடு அது. சுமை பொதுவானால் குறை கூறுதலும் குறையும்.

ஆகவே, அயலவர் மகளுக்கு நான் சொன்னது இது: "பிள்ளை, சம்பளத்தைக் கேட்குமுன் ஐந்து கேள்வி கேள். எந்த மாதம் எந்தப் பகுதியில் என்று எழுத்திலே திட்டம் உண்டோ? உனக்குப் பொறுப்பான மூத்த பொறியியலாளர் யார்? குறிப்பேட்டை வாசித்துக் கையொப்பமிடுவது ஆர்? பொறியியலாளர் நிறுவகத்திற் பட்டயத் தகுதி பெற அப் பயிற்சி எண்ணப்படுமோ? கடைசியில், உன் பெயரிலே நடக்கும் உண்மையான வேலை ஒன்று தருவினமோ? பிணைப் பத்திரம் இருந்தால், எத்தனை வருஷம், எவ்வளவு பணம் எண்டு வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வை." ஐந்தில் நான்குக்கு நேரான விடை வந்ததாக அறிந்தேன், அவள் பயிற்சிக்கே சென்றுள்ளாள். வீட்டுக் கடனைத் தந்தையார் இன்னும் ஒன்றரை ஆண்டு தனித்தே சுமப்பார். அத் தியாகத்தையும் பயிற்சியின் செலவாகவே கணக்கிடல் வேண்டும்.

அவள் அதற்காக வீட்டைவிட்டு நெடுந்தூரம் போக நேர்ந்ததே என் மனத்தை உறுத்துகின்றது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோயிற்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரிற் பாழாயிற்று. அவை வெறும் ஆலைகளல்ல. வட பகுதி இளைஞர் கைத்திறன் பழகிய பள்ளிகள். இன்று பரந்தனுக்கு அண்மையிலேயே பொறியியற் பீடம் இருக்கின்றது. பழகும் பட்டறைதான் இல்லை.

ஆயினும், பெரிய ஆலை எழும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மன்னார் 'தம்பபவனி'யில் முப்பது காற்றுச் சுழலிகள் உள. ஐஸ் தொழிற்சாலைகள், அரிசி ஆலைகள், படகு கட்டும் துறைகள், நீர் வழங்கல் நிலையங்கள் எங்கும் உள. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு பட்டதாரியை, எழுத்திலமைந்த திட்டத்தோடு ஏற்றுக்கொண்டாலே போதும். பீடமும் தன் ஆசிரியர் ஒருவரை மாதமொருமுறை அங்கு அனுப்பிக் குறிப்பேட்டைப் பார்வையிடச் செய்யலாம். இதற்குப் புதுச் சட்டமோ பெரும் முதலோ வேண்டாம். முதலாளிமாரும் பீடத்தாரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசவேண்டும். அதற்கு முன்வருவார் யார்?