சர்க்கரையை நிறுத்தும் முதல் நாட்கள்: அறிந்திருக்க வேண்டியவை

சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் கூறும் அறிவுரையைப் பலரும் மன உறுதியோடு ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் அந்த உறுதி பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தளர்ந்துவிடுகிறது. தலைவலி, எரிச்சல், சோர்வு, இனிப்பின் மீது அடங்காத நாட்டம் ஆகியவை தோன்றும்போது, 'உடலுக்குச் சர்க்கரை தேவைப்படுகிறது போலும்' என்று எண்ணிப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றனர். இத்தொல்லைகளில் எவை இயல்பானவை, எவை ஆபத்தானவை என்பதை நோயாளரும் உடனிருந்து கவனிப்போரும் பிரித்தறிவது இன்றியமையாதது.

எவ்வளவு உண்கிறோம்?

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். நாளொன்றுக்கு நான்கு முறை காப்பியோ தேநீரோ அருந்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சேர்ப்பவர் 40 கிராம் சர்க்கரை உண்கிறார். பிஸ்கட்டும் பண்டிகைப் பலகாரமும் இக்கணக்கில் சேரவில்லை. சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்தும் கிடைக்கும் ஆற்றல், மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதனை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது மேலும் நன்று. 2,000 கலோரி உணவு உண்பவருக்கு இது 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியனவும் பெரும்பகுதி சர்க்கரையே. வெள்ளைச் சீனியை விட்டு இவற்றுக்கு மாறுவது சர்க்கரையை நிறுத்துவதாகாது.

முதல் நாட்களில் நிகழ்வது என்ன?

நீரிழிவு இல்லாத ஒருவர் இனிப்பை நிறுத்துவதால் அவரது இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடாது. கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சோறும் இட்லியும் பருப்பும் செரிமானமாகியும் குளுக்கோஸ் கிடைக்கிறது. அப்படியானால் தலைவலி ஏன் வருகிறது? சர்க்கரையில்லாத காப்பி பிடிக்காமல் காப்பியையே நிறுத்திவிடுவது ஒரு முக்கியக் காரணம். காஃபீன் திடீரென நின்றால் ஓரிரு நாட்களுக்குள் தலைவலியும் சோர்வும் தோன்றும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணியும். மாலைச் சிற்றுண்டியை முழுவதும் விட்டுவிடுவதால் எழும் பசியும் எரிச்சலைத் தரும்.

ஆகவே காப்பியின் அளவை மாற்றாமல், சர்க்கரையை மட்டும் சில நாட்களுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வருவது எளிய வழி. மாலையில் சுண்டல், வறுத்த நிலக்கடலை, மோர் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். சிறுநீரக நோய்க்காக உணவுக் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மட்டும் இதனை எங்களிடம் கேட்டுச் செய்தல் வேண்டும். நாக்கின் சுவையும் பழக்கத்துக்கு உட்பட்டதே. சில வாரங்கள் பொறுத்தால், முன்பு சாதாரணமாகத் தோன்றிய காப்பியே திகட்டுவதை உணரலாம்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோரும் நிலைமை வேறு என்பதை உணர வேண்டும். இம்மருந்துகளின் அளவு அவர்களது வழக்கமான உணவையொட்டித் தீர்மானிக்கப்பட்டது. உணவு திடீரெனக் குறைந்து மருந்து குறையாதபோது, இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தடுமாறும் பேச்சு ஆகியன இதன் அடையாளங்கள். இவற்றை 'சர்க்கரையை நிறுத்தியதால் வரும் சோர்வு' என்று பொறுத்துக்கொள்ளுதல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அத்தருணத்தில் சர்க்கரை விலக்கு அன்று, மருந்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். 15 நிமிடங்கள் கழித்துச் சோதித்து, 70-ஐ எட்டவில்லையெனில் மீண்டும் அதே அளவு அருந்த வேண்டும். சரியானபின் சிறிது உணவு உண்ண வேண்டும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன்தராது. அம்மருந்து அதன் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மாத்திரையால் ஏற்பட்ட தாழ்சர்க்கரை, ஒருமுறை சரியான பின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும். முதியோரிடத்தும் சிறுநீரகம் பழுதுற்றோரிடத்தும் இவ்வாய்ப்பு மிகுதி.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் உட்கொள்வோர், இனிப்போடு சோறு, இட்லி, சப்பாத்தி அனைத்தையும் ஒருசேர நிறுத்துதல் கூடாது. இரத்தச் சர்க்கரை மிக உயராத நிலையிலும் கீட்டோன் அமிலம் பெருகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தாருக்கு

இனிப்பை விடும் முயற்சியைத் தொடங்கும் முன், மருந்துச் சீட்டோடு எங்களை ஒருமுறை கண்டு, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு வாரங்கள் வீட்டுக் குளுக்கோமீட்டரில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோதித்து, அளவுகளை நேரத்துடன் குறித்துவையுங்கள். ஒருவருக்கு மட்டும் தனிக் காப்பி போடுவதைவிட, வீட்டிலுள்ள அனைவரும் சர்க்கரையைக் குறைப்பது அவருக்குப் பெருந்துணையாகும். அதே வேளையில், அவர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.