பல்லைக் காக்கும் மவுத்கார்டு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2012 லண்டன் ஒலிம்பிக். ஜப்பானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மட்டை முகத்தில் பட்டு, பிரிட்டன் மகளிர் ஹாக்கி அணித் தலைவி கேட் வால்ஷின் தாடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு பொருத்திக்கொண்டு அதே ஒலிம்பிக்கில் மீண்டும் களமிறங்கினார். அணி வெண்கலம் வென்றது. ஆனால் பள்ளி மைதானத்தில் அடிபடும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே மருத்துவக் குழு நிற்பதில்லை.

ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை. மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக்கில் அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கிறது. கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவருக்கு ஹெல்மெட் இருக்கிறது. ஹாக்கியில் கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் வெறும் முகத்தோடுதான் ஆடுகிறார்கள். சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் விதிகள் மவுத்கார்டு அணியும்படி பரிந்துரைக்கின்றன, கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே கோவில்பட்டியிலோ எழும்பூரிலோ பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் வாயில் அது இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோர், பயிற்சியாளரின் வேலை.

மவுத்கார்டு மூன்று வகை. அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளும் ரெடிமேட் வகை விலை மலிவு. ஆனால் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டால்தான் அது வாயில் நிற்கும். பேசவும் மூச்சு விடவும் சிரமம். அதைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டாவது, வெந்நீரில் இளக்கி, கடித்துப் பல்லின் அச்சைப் பதித்துக்கொள்வது. கவனமாகப் பொருத்தினால் ஓரளவு நன்றாகவே உட்காரும். ஓங்கிக் கடித்தால் மெலிந்துவிடும். பந்தின் வேகத்தைத் தாங்க வேண்டிய இடத்திலேயே தடிமன் போய்விடும். மூன்றாவது, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது. செலவு கூடுதல்தான். ஆனாலும் தொடர்ந்து ஆடுபவர் வாங்க வேண்டியது இதைத்தான்.

எதை வாங்கினாலும் இரண்டு சோதனை போதும்: வாயைத் திறந்தால் கீழே விழக்கூடாது. மாட்டிக்கொண்டே சக வீரரைக் கூப்பிட முடிய வேண்டும். இறுக்கமில்லாத மவுத்கார்டைப் பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் கழற்றிக் காலுறைக்குள் செருகிவிடுவார்கள். அப்புறம் அது இருந்தும் பயனில்லை.

பல்லில் கிளிப் போட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். பல் நகரும்போது கார்டும் அதற்கேற்ப மாற வேண்டும். பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதிலும் அப்படித்தான். மவுத்கார்டைக் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வடிவம் கெட்டுவிடும். கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

‘மூளை அதிர்ச்சியையும் தடுக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ‘பிரெய்ன்-பேட்’ என்ற நிறுவனத்தின் மீது 2012இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, போதிய ஆதாரமில்லை என்று நடவடிக்கை எடுத்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குறைபாடுள்ள பொருளால் காயம்பட்டவர் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்துவது அதற்காகத்தான். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். தீராவிட்டால், குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

இத்தனைக்கும் பிறகு பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டால், அதை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல், மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக்கூடாது. நிரந்தரப் பல் என்றால் அதே குழியில் பொருத்தி, துணியைக் கடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம், தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக்கூடாது, அடியில் முளைக்கும் பல்லுக்கு அது கேடு. ஆனாலும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.