மரை போன கதவு

இன்னைக்கு ஒரு ஓட்டையைப் பத்திப் பேசப் போறோம். பழைய கார் கதவோட உள்பக்கம், ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ ஓட்டை. ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கும், இறுகாது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா "மரை போச்சு தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

இதுக்கு ஒரு எபிசோடான்னு கேட்பீங்க. உவரியில இருக்கிற எங்க மாமா காருக்கு இருபது வயசுக்கு மேல. ஆச்சியை செக்கப்புக்குத் திருநெல்வேலி கூட்டிட்டுப் போறது அந்த வண்டியிலதான். பின்கதவை உள்ளே இருந்து இழுத்துச் சாத்த ஆச்சிக்கு இருக்கிற ஒரே பிடி அந்த ஆர்ம்ரெஸ்ட். அது ஆட ஆரம்பிச்சதும் கையோட வந்துடுமோன்னு பயந்து மெதுவா இழுக்க ஆரம்பிச்சாங்க. மெதுவா இழுத்தா கதவு அரை லாக்ல நிக்கும். அரை லாக்ல நிக்கிற கதவோட ஹைவேல போறது விளையாட்டில்லை. மாமாவோட தீர்வு: "ஆச்சிய அந்தப் பக்கம் உக்கார வைக்காண்டாம்டே." எனக்கு அது தீர்வாத் தெரியலை.

முதல்ல, மரை ஏன் போகுது? கதவோட உள்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல ஏறுற செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ, பொதுவா 4.2 மி.மீ. சைஸ், அதோட ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.4 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்க: தகட்டோட தடிமன்ல ஒரு முழுச் சுற்று மரைகூடப் பிடிக்காது. இருக்கிறது ஒரு மெல்லிய விளிம்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அந்த விளிம்பைத்தான் நாம இழுக்கிறோம். ஸ்பீக்கர் மாத்த, கண்ணாடி ரெகுலேட்டர் பார்க்கன்னு நாலு தடவை கழட்டி, பவர் டிரைவர்ல சர்ருன்னு ஏத்தினா மிச்சமும் போயிடும்.

உவரியில இன்னொரு எதிரி கடல். அலைச் சத்தம் கேட்கிற தூரத்துல நிக்கிற வண்டிக்குள்ள உப்புக்காத்து போயிட்டே இருக்கும். ஸ்க்ரூ மேல இருக்கிற துத்தநாகப் பூச்சு முதல்ல வெள்ளையாப் பூக்கும், அப்புறம் செந்துரு. துரு பிடிச்ச ஸ்க்ரூவைக் கழட்டும்போது ஓட்டையோட விளிம்பும் சேர்ந்து உதிரும். அதனால நம்ம ஊர் வீடியோக்கள்ல வேலை செய்யுற டிரிக் எல்லாம் அங்க அப்படியே வேலை செய்யாது.

சரி, டோர் பேடைக் கழட்டணும். கைசுத்துக் கண்ணாடின்னா ஹேண்டிலுக்குப் பின்னால குதிரைலாட வடிவத்துல ஒரு கம்பிக் கிளிப் இருக்கலாம். பழைய துணி ஒண்ணை ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவுல விட்டு, ஷூ பாலிஷ் போடுற மாதிரி இப்படி அப்படி இழுத்தா கிளிப் தெறிச்சு வரும். இன்னொரு கையால மறைச்சுக்கோங்க, இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும் தேடல்தான்.

இப்போ முக்கியமான கேள்வி: ஸ்க்ரூ எதுக்குள்ள ஏறுது? பதில் மூணுல ஒண்ணு. நேரா தகட்டுக்குள்ள. அல்லது தகட்டுல செருகியிருக்கிற நைலான் நட்டுக்குள்ள. அல்லது பேடோட ப்ளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு காலுக்குள்ள. இது தெரியாம பசையைத் தொடாதீங்க.

நைலான் நட்டுன்னா சந்தோஷப்படுங்க. அதை நெம்பி எடுத்து, சதுர ஓட்டையை அளந்து, ஆக்சசரீஸ் கடையில அதே சைஸ் வாங்கி அழுத்தினா முடிஞ்சது. சில்லறைக் காசு.

தகடுன்னா பலரும் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போடுவாங்க. 4.2-க்குப் பதில் 4.8. ஒரு தடவைக்கு வேலை செய்யும். ஆனா நீளமான ஸ்க்ரூ மட்டும் போடாதீங்க. கதவுக்குள்ள கண்ணாடி இறங்குற வழி அது. போட்டதும் கண்ணாடியை முழுசா இறக்கி ஏத்திப் பாருங்க. உரசுற சத்தம் கேட்டா உடனே எடுத்துடுங்க.

எனக்குப் பிடிச்ச வழி, ஓட்டை பெருசாகிட்டா அதைச் சதுரமா அரத்தால ராவி நைலான் நட் போடுறது. ஓட்டை தகட்டு ஓரத்துக்குப் பக்கத்துல இருந்தா யூ கிளிப், அதாவது தகட்டைக் கவ்விக்கிற ஸ்பிரிங் ஸ்டீல் நட். ரிவெட் நட்டும் உறுதியானது, ஆனா அதுக்கு டூல் வேணும், தகட்டுல துரு இருந்தா ஓட்டையோட சேர்ந்து அதுவும் சுத்தும்.

உவரிக்கு நான் நைலானைச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் உண்டு. "துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடலாமே"ன்னு தோணும். உப்பு ஈரத்துல ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் தொட்டுக்கிட்டிருந்தா, அது ஒரு குட்டி பேட்டரி. அரிக்கப்படுறது இரும்பு. கதவு முழுக்க பெயின்ட், ஓட்டை விளிம்புல மட்டும் பச்சை இரும்பு தெரியுது. அரிப்பு மொத்தமும் அங்கேதான் வந்து குவியும். ஸ்க்ரூ பளபளன்னு இருக்கும், பிடிக்க தகடு இருக்காது. நடுவுல நைலான் வந்தா ரெண்டும் தொடாது. ராவின விளிம்புக்கு முதல்ல பிரைமர் தொட்டு வச்சிருங்க.

மூணாவது, ப்ளாஸ்டிக் கால். எம்-சீல் எல்லா வீட்லயும் இருக்கு, எல்லாரும் அதைத்தான் அப்புவாங்க. ஏபிஎஸ் ப்ளாஸ்டிக்கா இருந்தா, சொரசொரப்பாத் தேய்ச்சு எண்ணெய்ப் பசை போகத் துடைச்சிட்டுப் போட்டா ஓரளவு பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன்னா எபாக்சியும் ஒட்டாது, ஃபெவிக்விக்கும் ஒட்டாது. காய்ஞ்சதும் கட்டியா உருண்டு வெளியே வரும். பேடோட பின்பக்கம் ">PP<"ன்னு அச்சு இருக்கான்னு பாருங்க. இருந்தா பசையை மறந்துடுங்க. கேபிள் டை ஒண்ணை வெட்டி, மெல்லிய கீற்றா ஓட்டைக்குள்ள விட்டு ஸ்க்ரூவைக் கையால ஏத்துங்க. பசை இல்லாம இறுகிக்கும். பல்குச்சி, மரப்பசை டிரிக் ஹார்டுபோர்டுக்கு ஓகே, தகட்டுக்கு வேஸ்ட்.

திரும்ப ஏத்தும்போது ஒரு பழக்கம்: ஸ்க்ரூவை முதல்ல இடது பக்கம், அதாவது கழட்டுற திசையில, மெதுவா சுத்துங்க. லேசா "டக்"னு ஒரு இறக்கம் கையில தெரியும். அங்கேதான் பழைய மரை ஆரம்பிக்குது. அங்கிருந்து வலப்பக்கம் சுத்தினா புது மரை வெட்டாது. கை டிரைவர், இறுகினதும் நிறுத்தம்.

மாமா வண்டில ரெண்டு ஓட்டைக்கும் திசையன்விளையில வாங்கின நைலான் நட் போட்டோம். ஆச்சி இழுத்துப் பார்த்துட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா"ன்னாங்க. கதவு முழுசா லாக் ஆச்சு.

ஒண்ணு மட்டும்: கதவு லாக், சாத்துற இடத்துல பில்லர்ல இருக்கிற ஸ்ட்ரைக்கர், கீல், இதுங்களோட மரை போனா மேல சொன்ன எதையும் செய்யாதீங்க. அது கதவைத் திறக்காம காக்குற போல்ட்டு, டிங்கர் கடை வேலை.

பேடை மாட்டுறதுக்கு முன்னால, உள்ள இருக்கிற ப்ளாஸ்டிக் ஷீட் கிழிஞ்சிருந்தா ஒட்டிடுங்க. கதவோட அடிவிளிம்புல தண்ணி வடியுற ஓட்டைகள் இருக்கும், அதை ஈர்க்குச்சியால குத்தி விடுங்க. மாமா வண்டில அதுலேருந்து ஒரு கைப்பிடி உவரி மணல் கொட்டிச்சு.